பெற்றோல் மிச்சமாகும் என்று நான் சொன்ன நாள்

தம்பி,

உள் அறையில் உன் அம்மா உன் பெட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கருவாட்டுப் பொட்டலத்தை வைப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டாள். கட்டாரில் கருவாடு கிடைக்காதா என்று கேட்டுவிட்டேன்; அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. நீ வேலை செய்த ஃபோன் திருத்துகிற கடைப் பொடியன்களிடம் சொல்லிக்கொண்டு வருவதாகக் கண்டி டவுனுக்குப் போயிருக்கிறாய். பஸ்ஸில் போனாய். கார் முற்றத்தில் நிற்கிறது, நீ பஸ்ஸில் போகிறாய். கொழும்புக்குப் போகப் புறப்பட்டுப் பாதியில் திரும்பிய அந்த நாளுக்குப் பிறகு நீ அதன் சாவியைத் தொடவே இல்லை; கட்டார் வேலைக்கான நேர்முகத்துக்கு வேறொரு நாள் தந்தபோதும் பஸ்ஸில்தான் போனாய். அதைப் பற்றிப் பேசலாம் என்று நான் வாயைத் திறந்தபோதெல்லாம் நீ டீவியின் சத்தத்தைக் கூட்டினாய். பேச்சு வராத அப்பனுக்கு எழுத்தாவது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பிளேனில் ஏறிய பிறகு வாசி. அங்கே எழுந்து போக முடியாது.

டிஃபியூசரிலிருந்தே தொடங்குகிறேன். நீ அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டைக் கட்டுகஸ்தோட்டைக் கடையொன்றில் வாங்கி, பின் பம்பருக்குக் கீழே துளை போட்டு மாட்டிக்கொண்டு வந்த மாலை நினைவிருக்கிறது. வரிசையாக நிமிர்ந்து நிற்கும் தகடுகளோடு, காருக்கு யாரோ பல் கட்டிவிட்டது போல இருந்தது. இது என்னத்துக்கு என்று கேட்டேன். "பெற்றோல் மிச்சமாகும்ப்பா. வளைவுல கார் ரோட்டப் புடிச்சுக்கிட்டு ஓடும்" என்றாய். யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாய். புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்து லொறிகளுக்கும் ஜீப்புக்கும் எண்ணெய் அளந்து கொடுக்கும் கிளாக்கராகவே என் சேவைக்காலம் முழுவதும் போயிற்று. எந்த லொறி எத்தனை மைல் ஓடியது, எவ்வளவு குடித்தது என்று கேட்டுக் கேட்டு, ட்ரைவர்மார் என்னைக் கண்டால் பாதை மாறிப் போவார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் பெற்றோல் மிச்சம் என்று சொல்லி ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தாய். அளந்து பார்த்துவிடுவோம் என்றேன். நீ சிரித்தாய்.

மற்றவர்கள் புதிதாகக் கார் வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். நான் பெற்றோல் அளப்பேன். அதனால் டிஃபியூசர் இல்லாமல் அந்தக் கார் புசல்லாவைக்குப் போய்வர எவ்வளவு குடிக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். அதே பெற்றோல் ஷெட்டில், அதே பம்பில், வாய்மட்டம் நிரப்பிக்கொண்டு இருவரும் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். பேராதனை, கம்பளை, பிறகு ஏற்றம். திரும்பி வந்து அதே பம்பில் மறுபடி நிரப்பினோம். வித்தியாசம் இல்லை. இருந்த சொற்ப வித்தியாசமும், முன்னால் போன தேயிலைக் கொழுந்து லொறியை முந்த வழியில்லாமல் நாம் அதன் பின்னால் ஊர்ந்ததால் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் உனக்குப் பாடம் நடத்தினேன். பந்தயக் காரின் அடிப்பக்கம் பலகை மாதிரித் தட்டையாக, ரோட்டோடு ஒட்டினாற்போல இருக்கும். அடியில் புகுந்து வேகமாக வருகிற காற்றைப் பின்னால் மெல்ல விரிந்து வெளியேற விடுவதுதான் டிஃபியூசரின் வேலை. அப்போது அடியில் அழுத்தம் குறைந்து கார் ரோட்டில் அழுந்தும், பின்னால் பிடித்து இழுக்கும் சுழல்காற்றும் கொஞ்சம் குறையலாம். நம் காரின் அடியிலோ சைலன்சர் குழாயும் பெற்றோல் தாங்கியும் ஸ்பெயார் டயர் பள்ளமும் தொங்குகின்றன. காற்று பின்னால் வந்து சேர்வதற்குள்ளேயே தறிகெட்டுப் போய்விடும். அதோடு வேகம் வேண்டும். கம்பளைக்கு அப்பால் நீ மூன்றாம் கியருக்குப் போனாலே உன் அம்மா முருகனைக் கூப்பிடுவாள். கார் செய்கிறவர்களே சோதித்துப் பார்த்து அடிப்பக்கம் முழுவதையும் சேர்த்து வடிவமைத்தால் நேரான நெடுஞ்சாலையில் பலன் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. கடையில் வாங்கித் திருகியதில் அந்த நிச்சயம் கிடையாது, காற்றைக் கூடுதலாக மறித்தாலும் மறிக்கும். டயருக்குக் காற்றைச் சரியாக அடி, எயார் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய், டிக்கியில் சுமந்து திரிகிற பழைய சாமான்களை இறக்கு, அக்சிலேட்டரை மெல்ல மிதி. பெற்றோல் மிச்சமாவது அங்கேதான் என்றேன். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாத்தையும் அளந்து பாத்துத்தான் வச்சுக்கணுமாப்பா?" என்று கேட்டாய். தோற்றவன் பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்தேன்.

நான் எப்போதும் தாங்கியில் பாதிக்கு மேல் நிரப்ப விடமாட்டேன் என்று நீயும் அம்மாவும் கேலி செய்வீர்கள். அப்பாவுக்குக் கஞ்சத்தனம் என்று உன் நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறாய். அளக்கிற நாட்களில் மட்டும் நான் சம்மதிப்பேன். காரணத்தை நான் சொன்னதில்லை. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தின்போது நீ கைக்குழந்தை. தோட்டத்து ஜீப்பில் கண்டிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். கம்பளைக்குக் கிட்ட ஒரு கூட்டம் மறித்தது. ட்ரைவர் சிங்கள ஆள், நல்ல மனிதர். அவரே இறங்கிப் பேசினார், என்னை வாயைத் திறக்க விடவில்லை. அவர்களுக்கு எங்களை அடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பெற்றோல்தான் தேவையாக இருந்தது. ஒருவன் ரப்பர் குழாயைத் தாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சித் தகரக் கானில் இறக்கினான். நிரம்பியிருந்த தாங்கி, காலையில் நானே அளந்து நிரப்பியது. முடிந்ததும் அவன் தாங்கியின் மூடியை என் கையில் மரியாதையாகத் தந்துவிட்டுப் போனான். மூடியைப் பிடித்தபடி நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கீழ் வளைவில் நம் ஆட்களின் கடைகள் இருந்த பக்கமாகப் புகை எழுந்தது. அன்றிலிருந்து தாங்கி நிறைந்த வண்டி பக்கத்தில் நின்றால் நான் தள்ளிப் போய் நிற்பேன். எரிபொருளை மிச்சம் பிடிப்பவன் என்று என்னை எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் நான் அதற்குப் பயந்தவன்.

அந்தப் பயம்தான் டிஃபியூசரிலும் வந்து உட்கார்ந்தது. வடக்கில் சண்டை முற்றி, கொழும்பில் பஸ்ஸிலும் வீதியிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. செக்பொயின்ட்டுக்குச் செக்பொயின்ட் நீளக் கம்பில் கண்ணாடியைக் கட்டிக் காருக்கு அடியில் விட்டுப் பார்த்தார்கள். பேராதனையில் ஒரு சிப்பாய் நம் காரின் பின்னால் கண்ணாடியை விட்டபோது டிஃபியூசர் மறைத்தது. அவன் குந்தியிருந்து அதைத் தட்டிப் பார்த்தான். நீ ஜன்னல் கண்ணாடியை இறக்கி, சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டாய். அவனும் கார்ப் பைத்தியம் போலிருக்கிறது, என்ன விலை என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். நீ சீட்டை விட்டு அசையக்கூட இல்லை. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. எல்லாச் சிப்பாயும் இவனைப் போல இருப்பானா? அடுத்தவன் அதற்குள் என்ன ஒளித்திருக்கிறாய் என்று கேட்டால்? அன்றிலிருந்து உன்னை அரித்தெடுத்தேன். கட்டார் வேலைக்கான நேர்முகத்துக்கு நீ கொழும்பு போக இருந்ததற்கு முதல் நாள் அம்மாவும் என்னோடு சேர்ந்துகொண்டாள். "கழட்டி வச்சிரு ராசா, அப்பாவுக்காக" என்றாள். நீ காருக்கு அடியில் படுத்துக் கழற்றினாய். அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்திவைத்தாய். அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அளந்து பழகிய என் புத்திக்கு ஒன்று மட்டும் எட்டவில்லை. டிஃபியூசரைக் கழற்றினாய், அதைத் தாங்கியிருந்த இரும்புப் பட்டைகள் அடியிலேயே இருந்தன. புதுத் துளைகள், பளபளக்கும் புது நட்டுகள், பசை ஒட்டியிருந்த தடம். மறுநாள் கேகாலைக்கு அப்பால் செக்பொயின்ட்டில் சிப்பாய்கள் கண்ணாடியில் கண்டது அதைத்தான். இந்தக் காருக்கு அடியில் புதிதாக ஏதோ கட்டப்பட்டிருந்திருக்கிறது, இப்போது இல்லை, எங்கே? நீ உண்மையைச் சொன்னாய். நேற்று ஏன் கழற்றினாய் என்று கேட்டார்கள். அப்பாவுக்கு செக்பொயின்ட் என்றால் பயம், அதனால் கழற்றச் சொன்னார் என்றாய். உன் அப்பா எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு நீ என்ன பதில் சொல்வாய்? உன்னையும் காரையும் அங்கிருந்து பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். இனி எழுதுவது உனக்குத் தெரியாதது.

பொலிஸிலிருந்து ஃபோன் வந்தபோது உன் அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கழற்றிய சாமானைக் கொண்டுவா என்று மட்டும் சொன்னார்கள். பெட்சீட்டால் சுற்றினேன். பிறகு, சுற்றிய பொருளோடு ஒரு தமிழன் பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்து அவிழ்த்தேன். அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொண்டக்டர் கேட்டார், பக்கத்து சீட்டில் இருந்த பெண் கேட்டார், பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிய ஒவ்வொரு இடத்திலும் சிப்பாய்கள் கேட்டார்கள். கார் சாமான் என்றேன். என்ன செய்கிற சாமான் என்று அவர்கள் கேட்டார்கள். சும்மா அலங்காரத்துக்கு என்றேன். ஒருவன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். இந்த வயதில் இந்த ஆளுக்கு அலங்காரமா என்று அவன் முகம் கேட்டது. அப்போதுதான், நிலையத்திலும் இதைத்தான் கேட்கப் போகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

நான் போனபோது உன்னைப் பின் அறையில் வைத்திருந்தார்கள். கதவிடுக்கால் பார்த்தேன். பெல்ட்டும் சப்பாத்தும் இல்லாமல், நேர்முகத்துக்கென்று அம்மா தேய்த்துக் கொடுத்த சட்டையோடு தரையில் இருந்தாய். வெறுங்காலை ஒன்றன் மேல் ஒன்று வைத்து மறைத்துக்கொண்டிருந்தாய். நீ என்னைக் காணவில்லை. பொறுப்பதிகாரி கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனிதர். டிஃபியூசரை மேசையில் வைத்து விரலால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். இது என்ன செய்யும் என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி, நான் அளந்தவன். ஒன்றும் செய்யாது மாத்தயா என்பதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? ஒன்றும் செய்யாத ஒன்றை ஃபோன் திருத்துகிற ஒரு தமிழ்ப் பையன் துளை போட்டு மாட்டி, கொழும்புக்குப் போகிற நாளுக்கு முதல் நாள் கழற்றுவானா? இன்னொரு உண்மையும் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்குப் பிடித்திருந்தது மாத்தயா, அதனால் மாட்டினான். அதைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. கொழும்பில் வசதியான வீட்டுப் பையனுக்கு ஒன்று பிடித்திருந்தால் போதும். நம் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

ஆகவே நான் சொன்னேன். "பெற்றோல் மிச்சமாகும் மாத்தயா." காருக்கு அடியில் வரும் காற்றை இது ஒழுங்குபடுத்தும், இழுவை குறையும், எஞ்சினுக்குப் பாரம் குறையும் என்று, உன்னை மட்டம் தட்டுவதற்காகப் படித்துவைத்ததையெல்லாம் தலைகீழாகத் திருப்பிச் சொன்னேன். தோட்டத்தில் எண்ணெய் அளந்த கிளாக்கர் நான், நானே புசல்லாவைக்கு ஓட்டிப்போய் அளந்தேன் என்றேன். அவர் நிமிர்ந்தார். எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கூடுதலாக ஓடும் என்றேன். அளக்காத கணக்கு ஒன்றை நான் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மாட்டச் சொன்னதும் நான்தான், அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான் என்றும் சேர்த்துக்கொண்டேன். என் குரல் நடுங்கவே இல்லை.

அவர் உடனே விடவில்லை. "அவ்வளவு நல்ல சாமான் என்றால் ஏன் கழற்றச் சொன்னீங்க? பயம் என்று உங்க மகன் சொல்றான்" என்றார். ரோட்டு மேட்டில் தட்டியது, சத்தம் வந்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். நீ ஏற்கெனவே உண்மையைச் சொல்லியிருந்தாய். நான் மாற்றிச் சொன்னால் நீ பொய்யன் ஆவாய். "ஆமா மாத்தயா, பயம்தான்" என்றேன். எதற்கு என்று கேட்டார். "எதுக்குன்னு இல்ல. எண்பத்து மூணுலருந்து இந்த ரோட்டுல எனக்குப் பயம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளியே யாரோ வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து, இதை அந்தத் துளைகளில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்று கொன்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் நம்பியது பெற்றோல் கதையையா, என் பயத்தையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டையும் நம்பாமல் இரக்கப்பட்டாரோ என்னவோ.

உன்னைக் கொண்டுவந்தார்கள். ஜீப் ட்ரைவரிடம் ஸ்பானர் வாங்கி, நீ மறுபடி காருக்கு அடியில் படுத்தாய். நான் குனிந்து டிஃபியூசரைத் தாங்கிப் பிடித்தேன். துளைகள் எல்லாம் சரியாகப் பொருந்தின. கொன்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே, பெற்றோல் மிச்சமாகுமாமே, உன் அப்பா பெரிய விளக்கம் கொடுத்தார் என்றான். அடியிலிருந்து நீ என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வையைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். நீ முதன்முதலாக அந்தச் சாமானோடு வீட்டுக்கு வந்தபோது ஏன் என்னிடம் பெற்றோல் மிச்சம் என்று சொன்னாய் என்பது அந்தப் பொலிஸ் முற்றத்தில்தான் எனக்குப் புரிந்தது. உனக்கும் தெரியும் அது மிச்சமாகாது என்று. என் வீட்டிலும் உனக்குப் பிடித்திருந்தால் மட்டும் போதாமல் இருந்திருக்கிறது. அந்த அதிகாரியிடம் நான் சொன்ன அதே பொய்யை, அதே காரணத்துக்காக, நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

திரும்பி வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன்னால் ஒரு செக்பொயின்ட். அந்தச் சிப்பாய் களைத்துப்போயிருந்தான். கையை அசைத்துப் போ என்றான். நீ போகவில்லை. காரை ஓரமாக நிறுத்தி, அவன் கேட்காமலே இறங்கினாய். டிக்கியைத் திறந்தாய், பொனட்டைத் திறந்தாய். அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு சிரிப்பு சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கண்டியில், கம்பளையில், ஒவ்வொரு அரசாங்கக் கந்தோர் வாசலிலும் இத்தனை வருஷமாக நான் சிரித்துவந்த சிரிப்பு. சீட்டை விட்டு அசையாமல் பகிடி விட்ட பையன் காலையில் போனவன் போனவன்தான். நீ பத்திரமாக இருக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் உன்னிடம் எதைக் கேட்டேனோ, அதை நீ அந்த ரோட்டில் செய்து காட்டினாய். எனக்குக் காருக்குள் அழுகை வந்தது. ஜன்னலால் தூறல் அடிக்கிறது என்று சொல்லி முகத்தைத் துடைத்தேன். நீயும் நம்பினாற்போல் இருந்தாய்.

போய் வா தம்பி. பாஸ்போர்ட்டை உள் பையில் வை. உடம்பைப் பார்த்துக்கொள், அம்மாவுக்கு வாரம் தவறாமல் ஃபோன் எடு. நீ வரும்போது இந்த நாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நல்லாயிருக்கும் என்று சொல்லி உன்னை ஏமாற்றவும் விருப்பமில்லை. அங்கே நாலு காசு சேர்ந்து ஒரு கார் வாங்கினால், உனக்கு ஆசையாக இருக்கிற எதை வேண்டுமானாலும் அதில் மாட்டு. இறக்கை வை, பல் கட்டு, கண்ணைப் பறிக்கிற நிறம் அடி. இது என்னத்துக்கு என்று யாராவது கேட்டால், பிடித்திருக்கிறது என்று சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதே. கேட்பது நானாக இருந்தாலும்.

உன் அப்பா